லாக் லெவனா, லாக் டேயா: ஒரு வார லீவுக்கு எந்த மீன்?

“அத்தான், சால்மனா ட்ரவுட்டா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து என் மச்சினன் போன மாதம் போன் பண்ணிக் கேட்டான். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன். மண்புழு கோர்த்துக் கெண்டையும், தவளைக்குஞ்சு போட்டு விறாலும் பிடித்த கை. ஒரு வாரம் லீவு, கையில் கொஞ்சம் பணம், ஸ்காட்லாந்து ஏரியில் தூண்டில் போட வேண்டும் என்று பல நாள் ஆசை.

ஒரே வார்த்தையில் ட்ரவுட் என்று சொன்னேன். அவனுக்கு மனசு ஆறவில்லை. “ட்ரவுட்டைப் பிடிக்கறதுக்கு அவ்வளவு தூரம் வரணுமா?” என்றான். அவனுக்கு எழுதிய பதில்தான் கொஞ்சம் நீண்டு இப்படி ஆகிவிட்டது.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஸ்காட்லாந்தில் ஏரிக்குப் பெயர் ‘லாக்’. அப்படித்தான் எழுதுகிறேன், ஆனால் உள்ளூர்க்காரர் வாயில் அந்தக் கடைசி எழுத்து க் என்று முடியாது. ‘அஃது’ என்று சொல்லும்போது தொண்டையில் ஒரு உரசல் வருமே, ஏறக்குறைய அது. படகுத்துறையில் அப்படிச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

ஆற்றை விட்டுவிட்டு ஏரியைப் பற்றி மட்டும் பேசக் காரணம் உண்டு. ஆற்றில் சால்மன் பிடிக்க இடுப்புவரை நீருக்குள் நிற்க வேண்டும், நீண்ட தூண்டில் கம்பை இரண்டு கையாலும் வீசப் பழகியிருக்க வேண்டும். நல்ல ஆற்றில் நல்ல வாரம் என்றால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கே நூற்றுக்கணக்கான பவுண்டு. ஏரியில் படகு இருக்கிறது. உட்கார்ந்துகொள்ளலாம், காற்று முதுகுப் பக்கம் இருக்கும், எட்டுப் பத்து மீட்டர் வீசத் தெரிந்தால் போதும். புதிதாக வருகிறவருக்கு ஏரிதான் சரி. எந்த ஏரி, எந்த மீன் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை மீனின் வயிற்றில் இருக்கிறது. சால்மன் ஆற்றுக் கூழாங்கல்லுக்குள் பிறந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் அங்கேயே விரல் நீளத்துக்கு வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகும். கிரீன்லாந்து, ஃபாரோ தீவுகள் பக்கம் தின்று கொழுத்துவிட்டுப் பிறந்த ஆற்றைத் தேடித் திரும்பும். நன்னீருக்குள் நுழைந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிடும். முட்டையிடும்வரை மாதக்கணக்கில் உடம்புக் கொழுப்பிலேயே ஓட்டும். அப்புறம் எதற்காக நம் இரையைக் கவ்வுகிறது? எரிச்சல் என்பார்கள், குஞ்சாக இருந்தபோது வந்த பழக்கம் என்பார்கள். ஸ்காட்லாந்தில் பத்துத் தூண்டில்காரரைக் கேட்டால் பதினோரு விடை கிடைக்கும்.

ட்ரவுட் அப்படியில்லை. அது அந்த ஏரியிலேயே இருக்கிறது, அங்கேயே சாப்பிடுகிறது. ட்ரவுட்டைத் தேடிப் போவது பசித்தவனைப் பந்திக்குக் கூப்பிடுவது. சால்மனைத் தேடிப் போவது சாப்பிட்டுக் கைகழுவி வெற்றிலையும் போட்டுவிட்டவனை மறுபடி இலை முன்னால் உட்காரச் சொல்வது. சில நேரம் உட்காரவும் செய்வான்தான். ஆனால் ஒரு வாரம் மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவனை நம்பி வரலாமா?

இன்னொன்று, சால்மனே குறைந்துவிட்டது. ஸ்காட்லாந்து முழுக்கத் தூண்டிலில் பிடிபடும் சால்மனை 1952-இலிருந்து கணக்கெடுக்கிறார்கள். 2010-இல் அந்தக் கணக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2023-இல் 33,000-ஐ ஒட்டித்தான், அதுவரையிலான கணக்கிலேயே மிகக் குறைவு. அந்த ஆண்டுக் கடைசியில் பிரிட்டனின் சால்மனை அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்த்தார்கள். அந்த 33,000 மீனும் இத்தனை ஆற்றுக்கும் ஏரிக்கும் இத்தனை மாதத்துக்கும் சேர்த்து. அதில் உன் பங்கு எவ்வளவு என்று நீயே வகுத்துப் பார், மாப்ளே.

பிடித்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம். 2016-இலிருந்து ஆறுகளையும் ஏரிகளையும் மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் தரத்தில் பிடித்த சால்மனை விட்டே ஆக வேண்டும். ஏப்ரல் 1-க்கு முன்னால் எங்கே பிடித்தாலும் விட வேண்டும். தூண்டிலில் பிடித்ததை விற்பது 2002-இலிருந்து குற்றம். சட்டம் கேட்காத இடத்திலும் இப்போது முக்கால்வாசிப் பேருக்கு மேல் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். மொத்தமாகப் பார்த்தால் பிடிபடுவதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீருக்கே திரும்புகிறது. ஆக, சால்மன் குழம்பு கனவு இருந்தால் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போவது நல்லது. அங்கே கிடைப்பது பண்ணை மீன்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நானே இரண்டு வருடம் முன்னால் ஏப்ரலில் லாக் டேக்குப் போனேன். நம் ஊர் ‘டேய்’தான், கோபம் மட்டும் இல்லை. ஸ்காட்லாந்தின் பெர்த்தில் என் வீட்டிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இருபத்துமூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு, மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஏரி. ஆழம் 150 மீட்டர் போகிறது. வடகரையில் பென் லாயர்ஸ், 1,214 மீட்டர், ஏப்ரலிலும் தலையில் பனி. மேற்கு முனையில் கில்லின் ஊர்ப்பக்கம் டோகார்ட், லாக்கி என்ற ஆறுகள் வந்து விழுகின்றன. கிழக்கே கென்மோரில் டே ஆறு புறப்படுகிறது. கடலிலிருந்து டே வழியாக ஏறிவரும் சால்மன் மேலே உள்ள ஆறுகளுக்குப் போகும் வழியில் இங்கே தங்கி இளைப்பாறும்.

இங்கே சீசன் ஜனவரி 15-இல் திறக்கிறது. கென்மோரில் அன்று பேக்பைப் இசையோடு ஊர்வலம் போய் முதல் படகின் முனையில் விஸ்கி ஊற்றுவார்கள். வேடிக்கை பார்க்க மட்டும் போகலாம். ஜனவரியில் படகில் உட்காருவதற்கு வேறு மாதிரி மனசு வேண்டும்.

முறை ட்ரோலிங். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் முப்பது நாற்பது மீட்டர் தூண்டில் நரம்பை விட்டு, மீன் மாதிரி ஆடும் செயற்கை இரையை இழுத்துப் போவது. அன்று எங்களை அழைத்துப்போன கில்லி அறுபது தாண்டியவர். படகும் இடமும் காட்டும் ஆளுக்கு இங்கே அதுதான் பெயர். நாள் முழுக்க மொத்தம் இருபது வார்த்தை பேசியிருப்பார். பெட்டியைத் திறந்து கைனாக் கில்லர் ஒன்று, டோபி ஒன்று, ராபலா ஒன்று என்று எடுத்து மூன்று கம்பிலும் கட்டினார். நடு ஏரியின் ஆழத்தை அவர் திரும்பியே பார்க்கவில்லை. கரையோரமாக, அடி நான்கைந்து மீட்டர் ஆழத்தில் இருக்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டே வளைந்து வளைந்து போனார். சால்மன் அந்த விளிம்பில்தான் படுத்திருக்குமாம்.

பழைய நாளில் ரீலிலிருந்து வரும் நரம்பின் மேல் ஒரு தட்டைக் கல்லை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்களாம். மீன் இழுத்தால் கல் புரண்டு படகின் அடிப்பலகையில் தட்டும், அதுதான் அழைப்பு மணி. எங்கள் கில்லி ரீலின் கிளிக் சத்தத்தை நம்பினார். அன்று அது ஒரே ஒரு தடவை கத்தியது. கம்பு வில்லாக வளைந்தது. நான் எழுந்தே விட்டேன். அவர் எழவில்லை. எஞ்சினை நிறுத்தி, நரம்பை விரலால் தொட்டுப் பார்த்து, “மரம்” என்றார். தண்ணீருக்கடியில் கிடந்த கிளை.

ஆறு மணி நேரத்தில் அவ்வளவுதான். மோசமான நாள் என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் வழக்கமான நாள். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கிளை கம்பை வளைத்த நான்கு நொடி இருக்கிறதே, அதற்காக மறுபடியும் பணம் கட்டலாம் என்று அன்று மாலையே தோன்றியது. சால்மன்காரர்களைப் பிடித்துவைப்பது அந்த நான்கு நொடிதான். டே ஆற்றில் கேப்புத் அருகே 1922 அக்டோபர் 7-ஆம் தேதி ஜார்ஜினா பேலன்டைன் என்ற பெண், அப்பா உடனிருக்க, படகுக்குப் பின்னால் இரை விட்டு 64 பவுண்டு சால்மனைப் பிடித்தார். ஏறக்குறைய 29 கிலோ. இரண்டு மணி நேரம் போராட்டம். பிரிட்டனில் தூண்டிலில் பிடித்த சால்மனில் இன்றுவரை அதை மிஞ்சியது இல்லை. மேலேயுள்ள ஏரியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் மனசிலும் அந்த மீன் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது லாக் லெவன். பெர்த்திலிருந்து தெற்கே அரை மணி நேரம், கின்ரோஸ் ஊரை ஒட்டி. மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய ஏரி இல்லை. தட்டு மாதிரி அகன்றது, பரப்பு பதின்மூன்று சதுர கிலோமீட்டர், சராசரி ஆழம் நான்கு மீட்டர்கூட இல்லை. அந்த ஆழக்குறைவுதான் அதன் செல்வம். வெயில் அடிவரை போகிறது, பூச்சி கொழிக்கிறது, பழுப்பு ட்ரவுட் அதைத் தின்று வெள்ளிபோல் மினுங்கிக்கொண்டு வளர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஏரியின் வம்சத்தை நியூசிலாந்து, அமெரிக்கா என்று உலகம் முழுக்க முட்டையாகவும் குஞ்சாகவும் கொண்டுபோனார்கள். காஷ்மீரின் பழுப்பு ட்ரவுட்கூட 1900-ஐ ஒட்டி ஸ்காட்லாந்திலிருந்து போன முட்டைகளிலிருந்து வந்ததுதான். நம் நீலகிரியில் இருக்கும் வானவில் ட்ரவுட் வேறு, அதன் பூர்வீகம் அமெரிக்காவின் மேற்குக் கரை.

படகு போகும் வழியில் ஒரு தீவும் இடிந்த கோட்டையும் வரும். ஸ்காட்லாந்து அரசி மேரியை 1567-இல் சிறைவைத்த இடம். 1568 மே 2-ஆம் தேதி இரவு ஒரு பையன் சாவியைத் திருடி அவரை வெளியே கொண்டுவந்தான். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தண்ணீரில் எறிந்துவிட்டார்களாம். இந்த ஏரியில் முதல் தடவை ஒன்றும் பிடிக்காமல் திரும்பிய அன்று, எனக்கும் சாவி ஏதாவது மாட்டியிருக்கலாமே என்று தோன்றியது.

இங்கே முறை வேறு. இரை கிடையாது, ஈ மட்டும். ஈ என்றால் இறகும் மயிரும் பட்டு நூலும் சுற்றிய முள். எஞ்சினில் காற்றின் மேல்பக்கம் போய், எஞ்சினை நிறுத்தி, படகைக் குறுக்காகத் திருப்பிவிட்டு, காற்று தள்ளுகிற போக்கில் மிதந்து வருவது. படகு வேகமாக ஓடாமல் இருக்க ட்ரோக் என்று பாராசூட் மாதிரி ஒரு துணியைத் தண்ணீருக்குள் விரித்துவிடுவார்கள். இருவர் அருகருகே உட்கார்ந்து முன்னால் சின்னதாக வீச வேண்டும். நரம்பில் ஒரு ஈ இல்லை, மூன்று. மேலே கட்டுவது குச்சிகுச்சியாக மயிர் சிலிர்த்த ஒன்று: பிபியோ, சோல்ஜர் பாமர், கேட் மெக்லாரன் என்று பெயர்கள். அதைத்தான் கவனிக்க வேண்டும். வீசி, இழுத்து, கடைசியில் கம்பை மெதுவாக உயர்த்தினால் அந்த மேல் ஈ அலையின் முதுகில் துள்ளித் துள்ளி வரும். படகிலிருந்து மூன்று மீட்டரில் வந்து நிற்கும். எடுத்துவிடலாம் என்று கை போகும். எடுக்கக் கூடாது. ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். பின்னாலேயே வந்த மீன் அந்த நொடியில்தான் முடிவெடுக்கும். தண்ணீர் கொப்பளிக்காது, அலைக்குள் ஒரு பழுப்பு முதுகு புரளும், அவ்வளவுதான். என் முதல் லெவன் மீன் அப்படித்தான் வந்தது. நான் எண்ணவில்லை, சோம்பலில் கை நின்றுவிட்டது.

சாப்பிட எடுத்துக்கொள்ளும் மீனின் வாய்வழியாக ஒரு ஒல்லிக் கரண்டியை விட்டு வயிற்றில் இருப்பதை வெளியே எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் கறுப்பாகச் சின்னச் சின்ன கமா மாதிரிக் கூட்டுப்புழுக்கள், சில நாள் ஆரஞ்சு நிறத்தில் கூழ்போல் தண்ணீரில் வாழும் நுண்ணிய தெள்ளுப்பூச்சி. அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஈயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு ட்ரவுட் பிடித்துப்போனது இங்கேதான். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் தேடலாம், ஈயை மாற்றலாம், ஆழத்தை மாற்றலாம், ஏதோ ஒன்று பதில் சொல்லும். சால்மன் விஷயத்தில் பதில் வராது. காலையில் கட்டிய இரை தப்பா சரியா என்று சாயங்காலமும் தெரியாது.

லெவனுக்கும் குறை உண்டு. ஆழம் குறைவு என்பதால் கோடையில் பச்சைப்பாசி பிடிக்கும். 1992 ஜூன் 13-ஆம் தேதி ஏரி முழுக்க நுரையும் பாசியுமாகிப்போனதை இன்றும் ‘ஸ்கம் சனி’ என்று பெயர் வைத்துச் சொல்கிறார்கள். சுற்றியுள்ள ஊர்களின் சாக்கடையையும் வயல் உரத்தையும் கட்டுப்படுத்தியபின் நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் ஆகஸ்டு வெயிலில் போவதை நான் விரும்புவதில்லை. இன்னொரு குறை காற்று. தட்டையான ஏரி என்பதால் அலை சட்டென்று உயரும், அப்போது படகு தர மாட்டார்கள். உள்ளூர் ஆட்களே வெறுங்கையோடு திரும்பும் ஏரி இது, நாளைக்கு இரண்டு மீன் என்றால் சந்தோஷப்படு. எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், படகு உண்டா என்பதை முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே போன வருடக் கதையைச் சொல்ல வேண்டும். போன வருடமும் நான் லெவன் என்றுதான் சொன்னேன். மச்சினன் இணையத்தில் ‘லாக் லெவன்’ என்று தட்டி, ஏரியைப் பார்த்த ஜன்னலோடு அருமையான அறை ஒன்றை மூன்று இரவுக்கு எடுத்துவிட்டான். பணம் திரும்பாத பதிவு. வெள்ளி இரவு போன் வருகிறது: “அத்தான், ஏரி உப்புக் கரிக்குது.” கிளென்கோ பக்கத்தில் இன்னொரு லாக் லெவன் இருக்கிறது. கடல் உள்ளே புகுந்த நீர். கின்ரோஸிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். இது போதாதென்று லாக் லோமண்டிலிருந்து கடலுக்குப் போகும் ஆற்றுக்கும் லெவன் என்றே பெயர். அந்த வாரம் அவன் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

மீன் கட்டாயம் வேண்டும், வெறுங்கையோடு அக்கா முன்னால் நிற்க முடியாது என்றால் மென்டீத் ஏரி. ஸ்டர்லிங்குக்கு மேற்கே. லாக் என்று பெயர் வைத்த நாட்டில் இதற்கு மட்டும் ஏன் ‘லேக்’ என்று கேட்பார்கள். தாழ்நிலத்தைக் குறிக்கும் ஸ்காட்ஸ் சொல்லை வரைபடம் போட்டவர் தப்பாகக் கேட்டு எழுதினார் என்று ஒரு கதை. வளர்த்துவிட்ட வானவில் ட்ரவுட், இங்கேயும் ஈ மட்டும், படகிலிருந்து. மீன் பெரிது, இழுவை பலமானது, விட்டால் குதிக்கும். புதியவர்கூட ஒன்றிரண்டு பிடித்துவிடலாம். நடுவில் ஒரு தீவும் 1238-இல் கட்டிய மடமும் உண்டு. அதே மேரியை நான்கு வயதுக் குழந்தையாக 1547-இல் சில வாரம் இங்கே ஒளித்து வைத்திருந்தார்கள். காட்டு மீன் பிடித்த திருப்தி இதில் வராது, குளத்து மீன் குளத்து மீன்தான். ஆனால் வீசிப் பழக இதைவிட நல்ல இடம் தெரியாது. சமையலைப் பொறுத்தவரை, உன் அக்கா தீர்ப்பு: குழம்பில் போட்டால் உடைந்துவிடும், வறுவலுக்கு நல்லது.

லாக் லோமண்டைக் கேட்டாய். எழுபத்தொரு சதுர கிலோமீட்டர், பிரிட்டன் தீவிலேயே பரப்பில் பெரியது. சால்மனும், அதைப்போலவே கடலுக்குப் போய்த் திரும்பும் கடல் ட்ரவுட்டும் இரண்டும் ஏறிவரும், தூண்டில்காரர் சங்கத்தின் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம், தனியார் ஆற்றைவிட எவ்வளவோ மலிவு. ஆனால் அவ்வளவு பெரிய நீரில் தெரிந்த ஆள் கூட இல்லாமல் எங்கே தொடங்குவது? இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள். அங்கே டாப்பிங் என்று ஒரு முறை உண்டு, அதை ஒரு தடவை பார்க்கவாவது வேண்டும். ஐந்து மீட்டர் கம்பு, முனையில் காற்றில் பறக்கும் பட்டு நரம்பு, அதன் நுனியில் பெரிய மயிர்க்கட்டு ஈ. வீசுவதே கிடையாது, பட்டம் விடுவதுபோல் காற்றே கொண்டுபோய் அலைமேல் ஆட்டும். கடல் ட்ரவுட் பாய்ந்து வந்து அடிக்கும்போது கம்பை உடனே இழுத்தால் போச்சு. ‘கடவுள் மன்னரைக் காப்பாராக’ என்று நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டுத் தூக்கு என்பார்கள். சால்மனுக்கும் இதே மந்திரம்தான்.

டாப்பிங்குக்குப் பேர்போன இடம் வடமேற்கில் லாக் மரீ. ஒருகாலத்தில் கடல் ட்ரவுட்டுக்காக உலகமே வந்த ஏரி. 1980-களின் கடைசியில் மீன் சட்டென்று இல்லாமல் போனது. கடல்வாயில் வைத்த சால்மன் பண்ணையும் அதில் பெருகிய கடல்பேனும் என்று தூண்டில்காரர்கள் குற்றம்சாட்டுகிறார்கள், பண்ணைக்காரர்கள் வேறு காரணங்களைச் சொல்கிறார்கள். எப்படியானாலும் பழைய பெயரை நம்பி அங்கே போக வேண்டாம்.

அசின்ட் மலைக் குளங்களைச் சொல்லாவிட்டால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வடமேற்கு மூலையில் நூற்றுக்கணக்கான சின்னக் குளங்கள், பத்துப் பவுண்டை ஒட்டிய நாள் சீட்டு, புதர்க்காட்டில் நடை, கையளவு காட்டு ட்ரவுட் நாளைக்குப் பத்துக்கூடக் கிடைக்கும். என் மனசு உண்மையில் அங்கேதான். ஆனால் லெஸ்டரிலிருந்து காரில் வந்தால் போகவர இரண்டு நாள் முழுசாகப் போய்விடும். ராட்சத ட்ரவுட் வேண்டும் என்றால் லாக் ஆ. 2002-இல் அங்கே பிடித்த 31 பவுண்டு 12 அவுன்ஸ் மீன்தான் பிரிட்டனின் பழுப்பு ட்ரவுட் சாதனை. சார் என்ற ஆழ்நீர் மீனைத் தின்று வளரும் ஃபெராக்ஸ் வகை. அதைத் தேடுகிறவர்கள் வருடக்கணக்கில் தேடுகிறார்கள், அந்தப் பேச்சு உனக்கு வேண்டாம்.

சட்டம் கொஞ்சம். நீ இங்கிலாந்தில் வாங்கி வைத்திருக்கும் தூண்டில் லைசென்ஸ் இங்கே செல்லாது, தேவையும் இல்லை. ஆனால் நீர் யாருடையதோ அவர் அனுமதி வேண்டும். சால்மன் உரிமை நிலத்திலிருந்து தனியாகப் பிரிந்த சொத்து. எழுத்தில் அனுமதி இல்லாமல் சால்மனுக்குத் தூண்டில் போட்டால் அது போலீஸ் கேஸ். கடல் ட்ரவுட்டுக்கும் அதே சட்டம். ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டையும் தூண்டிலால் தொடக்கூடாது, நாடு முழுக்க. ட்ரவுட்டுக்கு அந்தத் தடை இல்லை. பழுப்பு ட்ரவுட் மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரை மட்டும். வானவில் ட்ரவுட்டுக்குச் சட்டப்படி மூடுகாலமே கிடையாது. போன வருடம் ஞாயிறன்று சால்மன் என்று எழுதி வைத்திருந்தாய். அதையும் இப்போதே அடித்துவிடு.

மாதம் என்றால் மே கடைசி. லெவனில் பூச்சி கிளம்பியிருக்கும், பாசி வந்திருக்காது, பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். டேயில் வசந்த கால சால்மன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். மிட்ஜ் என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கொசு ஒன்று ஜூலை, ஆகஸ்டில் கரையில் நிற்கவே விடாது, அதுவும் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருக்கும். கிழக்குக் காற்று அடித்தால் உள்ளூர் ஆட்கள் புலம்புவார்கள், கண்டுகொள்ளாதே. நார்வே பக்கம் போய்வந்த நண்பனிடம் வலையோ, தண்ணீருக்குள் நிற்கப் போடும் கால்சட்டையோ இரவல் வாங்காதே. அங்குள்ள ஆறுகளில் சால்மனை அழித்த ஒட்டுண்ணி ஒன்று ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று இங்கே எல்லாருக்கும் பயம்.

பணக் கணக்கு எளிது. லெவனிலோ மென்டீத்திலோ படகைப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் ஒரு ஆளுக்கு நாற்பது பவுண்டை ஒட்டி வரும். டேயில் கில்லி, படகு, கம்பு, எரிபொருள் என்று எல்லாம் சேர்த்தால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அதாவது ஒரு சால்மன் நாளை விட்டால் இரண்டு மூன்று ட்ரவுட் நாள். நான்கு நாளும் சால்மனுக்கே செலவழித்தால் நான்கு நாளும் மரக்கிளையாக இருக்க வாய்ப்புண்டு. நான்கு நாளும் ட்ரவுட் என்றால், ஸ்காட்லாந்துவரை வந்து சால்மனைத் தொடவே இல்லை என்று வருடம் முழுக்க நீ என்னைக் குத்திக்காட்டுவாய். அதையும் யோசித்தேன்.

ஆகவே: சனிக்கிழமை வந்து சேர். ஞாயிறு மென்டீத், வீசக் கற்றுக்கொண்டு அக்காவுக்கு மீனும் கொண்டுவா. செவ்வாய் டே, கில்லியோடு, ஒரே நாள். புதன், வியாழன் லெவன். காற்று கெட்டுப்போனால் மாற்ற வெள்ளிக்கிழமை சும்மா கிடக்கட்டும். திங்கள் நான் வேலைக்குப் போக வேண்டும், நீ தூங்கு.

நேற்று ராத்திரி அறைப் பதிவின் ரசீதை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான். ஊர்ப்பெயர் கின்ரோஸ் என்று இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். இருக்கிறது. தேதியில்தான் மே என்பதற்குப் பதில் மார்ச் என்று போட்டிருக்கிறான்.